மயிலைக்குச் சொல்லித் தருகிறோம்

14 செப்டம்பர் 2024, சனி

மயிலை இன்று எங்கள் சாத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சிப்பிப்பாறை என்ற நாட்டு நாய் இனத்தின் பெட்டைக்குட்டி, நிறம் மயிலை (சாம்பல்), பெயரும் அதுவே. பிறந்து எட்டு வாரம் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் நடுவிலேயே எடுத்துக்கொண்டு போகும்படி வளர்ப்பவர் வற்புறுத்தினார். முப்பது நாளில் எடுத்தால்தான் குட்டி நம்மைத் தாயாக நினைக்குமாம். இந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் மறுத்துவிட்டேன்.

எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்றக் குட்டி வீறிட்டுவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை ஈற்றுக்குள் நடக்கும் இந்தப் பாடத்தை என்னால் அதே மாதிரி நடத்த முடியாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் சொல்கின்றன. சட்டத்தைப் படித்தவர்கள் குறைவு. கேட்டு வாங்குபவர்களாவது காத்திருக்கலாம்.

மாமா ஒரு கிண்ணம் பசும்பாலோடு வந்து நின்றார். பாசம்தான். ஆனால் நாயின் பாலைவிடப் பசும்பாலில் பால் சர்க்கரை அதிகம்; பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் வந்துவிடும். குழைந்த சோற்றில் கோழிக்கறி பிசைந்து வைத்தோம்.

17 செப்டம்பர்

கூடத்தில் ஈரம். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மூத்திரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்து ஒரு அடி கொடு, மறுபடி போகாது" என்றார். போகத்தான் செய்யும். நாம் பார்க்காத இடமாகப் பார்த்துப் போகும். கட்டிலுக்கு அடியிலும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் ரகசியமாகப் போகிற நாய்கள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான். அடித்தவர் முன்னால் மூத்திரம் போனால் வலிக்கும் என்பது மட்டும் அதற்குப் புரிகிறது. தரைக்கும் வாசலுக்கும் உள்ள வித்தியாசம் புரிவதில்லை.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் அடக்கிவைக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். போய் முடித்த அந்த நொடியிலேயே கையில் ஒரு துண்டு ஈரல். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாக ஆகிவிடும். கூடத்துத் தரையைச் சோப்பு நீரால் கழுவி, தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்தாயிற்று. பழைய வாடை மிச்சம் இருந்தால் அந்த இடத்தையே மீண்டும் தேடி வரும்.

20 செப்டம்பர்

மாமாவின் தோல் செருப்பு போய்விட்டது. அவர் குச்சியோடு உள்ளே வந்தபோது நான் மயிலைக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். காதுகள் மண்டையோடு ஒட்டின. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாள். நாக்கின் நுனி ஒருமுறை மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு எழுந்து அப்படியே நின்றது.

"பார் தாயி, தப்பு என்று அதற்கே தெரிகிறது. தெரிந்தே செய்திருக்கிறது" என்றார் மாமா.

நான் குச்சியைக் கேட்டு வாங்கி மூலையில் வைத்தேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 வளர்ப்பு நாய்களை வைத்து இதையே சோதித்து 2009இல் வெளியிட்டிருக்கிறார். தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையைவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்பது பற்றிச் சில நேரம் அவருக்குப் பொய்த் தகவல் தரப்படும். அந்தக் 'குற்றவாளி முகம்' நாய் தின்றதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டியதைப் பொறுத்து வந்தது. தொடாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். மயிலை பார்த்தது அவருடைய குச்சியை, கேட்டது அவருடைய குரலை. செருப்பைக் கடித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது அடித்தால், மாமா வரும்போது அடி விழும் என்ற பாடம்தான் மிஞ்சும். நாய்க்குப் பழி, திமிர், கள்ளத்தனம் என்று மனிதக் குணங்களை எல்லாம் ஏற்றிவைத்து, பிறகு அந்தக் குணங்களுக்காக அதை அடிக்கிறோம். குட்டி வளர்ப்பில் நான் கேட்கிற தவறான யோசனைகளில் பாதிக்குமேல் இந்த ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன.

செருப்புகள் எல்லாம் அலமாரிக்கு ஏறிவிட்டன.

23 செப்டம்பர்

பால் பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. சின்னவனின் முன்கை முழுக்கக் கோடுகள். மிளகாய்ப்பொடி தடவு, மூக்கில் சுண்டு, வாயை இறுக்கிப் பிடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கை என்றாலே வலி என்று பழகிய குட்டி, நாளைக்கு ஊசி போட வரும் மருத்துவரின் கையை என்னவென்று நினைக்கும்? பல் பட்டதும் விளையாட்டு நிற்கிறது, நாங்கள் எழுந்து போய்விடுகிறோம், சற்றுப் பொறுத்துத் திரும்பி வருகிறோம். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கடிக்கக் கொடுக்கிறோம். ஒரே வாரத்தில் தீராது, பொறுமை வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குட்டிதானே, விஷம் இருக்காது என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் குட்டிக்கும் வரும். பல் பட்டு ரத்தம் கசிந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது.

28 செப்டம்பர்

"தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வாசலைத் தாண்டவிடக் கூடாது" என்கிறார்கள். இதில் பாதி உண்மை, அதனால்தான் இது மற்றவற்றைவிடச் சிக்கலானது. பார்வோ வைரஸ் நம் ஊரில் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்கிறது. மண்ணிலும் அது பல மாதம் உயிரோடு கிடக்கும். தெருநாய்கள் நடமாடும் இடத்தில் மயிலையை நான் இறக்கிவிட மாட்டேன்.

ஆனால் உலகத்தோடு பழகும் கதவு அதுவரை திறந்திருக்காது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆண்டுக்கணக்கில் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் எழுதியது இன்றும் அடிப்படைப் பாடம்: மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையில் பார்த்துப் பழகியதைக் குட்டி எளிதில் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதியது ஒவ்வொன்றும் முதலில் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. தடுப்பூசி வரிசை முடிய பதினாறு வாரம் ஆகலாம். அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008இலேயே, முதல் ஊசிக்கு ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பான முறையில் பழக்கத் தொடங்கலாம் என்று அறிவித்துவிட்டது.

அதனால் மயிலை தோளில் பயணம் செய்கிறாள். நேற்றுப் பேருந்து நிலையம். கோவில்பட்டி பஸ் ஏர் ஹாரன் அடித்தபோது உடம்பு இறுகியது. காராச்சேவுக் கடை எண்ணெய் வாசனைக்கு மூக்கு உயர்ந்தது. குடை விரித்த பெரியவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். யாரிடமும் நான் அவளை நீட்டவில்லை. தள்ளி நின்று பார்ப்பதும் பழக்கம்தான். பத்துப் பேர் மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சுவதைப் பழக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். கூச்சமுள்ள குட்டிக்கு அது தண்டனை.

5 அக்டோபர்

"நாட்டு நாய்க்குப் பாடம் ஏறாது. லாப்ரடார் வாங்கியிருக்கலாம்." இன்று அலுவலகத்தில் இப்படிச் சொன்னவரோடு கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். கோபப்பட வேண்டிய விஷயம்தான். நம் நாய்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வெளியிட்டோம். அதை வாங்கி வளர்க்கத்தான் தயங்குகிறோம். கர்நாடகத்தின் முதோள் நாய்களை ராணுவம் 2016இல் மீரட் மையத்தில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அவற்றுக்கு ஏறிய பாடம் சிப்பிப்பாறைக்கு ஏறாதா?

எல்லா நாய்க்கும் ஒரே வழி பொருந்தும் என்று நினைப்பதில்தான் கோளாறு. லாப்ரடார் வேட்டைக்காரர் சொன்ன பிறகு போய்ப் பறவையை எடுத்துவர வளர்க்கப்பட்ட இனம்; ஒவ்வொரு அடிக்கும் மனிதர் முகத்தைப் பார்க்கும். சிப்பிப்பாறை இந்தக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, யாரையும் கேட்காமல், மனிதரைப் பின்னால் விட்டுவிட்டு ஓட வளர்க்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். வேட்டை போனாலும் அந்தக் கண் போகவில்லை. ஓடுகிற எதுவும் அதை இழுக்கும். கூப்பிட்டால் வராதது திமிராலும் இல்லை, மந்தத்தாலும் இல்லை.

அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் 'வா'வைப் பழக்குகிறோம். 'உட்கார்', 'கை கொடு' எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொல்லையில் எதிரெதிரே உட்கார்ந்து சின்னவனும் நானும் மாறி மாறிக் கூப்பிடுகிறோம். வந்தால் ஈரல். இன்று மாலை பக்கத்து வீட்டுச் சேவல் சுவரிலிருந்து குதித்தது. மயிலையின் கழுத்து நீண்டது, வால் விறைத்தது, பின்னங்கால் மண்ணில் அழுந்தியது. அவள் பாயும் முன்பே "மயிலை, வா!" என்றேன். தலை சேவலிடமிருந்து என்னிடம் திரும்பியது, மறுபடி சேவலிடம் போனது, பிறகு உடம்பு முழுவதும் என் பக்கம் வந்தது. கையிலிருந்த அத்தனை ஈரலையும் கொடுத்துவிட்டேன். பாய்ந்த பிறகு கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டாள். இந்த வயதில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

"தின்பதற்காகத்தானே வருகிறது, இது லஞ்சம்" என்றார் மாமா. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற எனக்கு அதை லஞ்சம் என்று சொல்ல மனம் வரவில்லை. கையில் காட்டி ஆசைகாட்டிக் கூப்பிட்டால் அது வேறு. வேலை முடிந்த பிறகு பையிலிருந்து எடுத்துத் தருவது கூலி.

12 அக்டோபர்

தங்கை மகன் விஜயதசமிக்கு வந்தவன், கைபேசியில் பார்த்த 'ஆல்ஃபா' (கூட்டத்தின் தலைவன்) வித்தையைச் செய்துகாட்ட மயிலையை மல்லாக்கப் போட்டு அழுத்தப் போனான். பிடித்துத் தடுத்துவிட்டேன். வாசலில் நாம்தான் முதலில் போக வேண்டும், நாம் சாப்பிட்ட பிறகே அது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை ஆள நினைக்கும் என்று அவன் நம்புகிறான்.

இதன் வேர் 1947இல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ரூடால்ஃப் ஷெங்கல் எழுதியது அது. அடைத்துவைத்த கூட்டத்தின் சண்டையை ஓநாய்களின் இயல்பு என்று உலகம் எடுத்துக்கொண்டது. 1970இல் வந்த தம் நூலில் இந்தக் கருத்தைப் பரப்பிய அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தார். அங்கே அவர் கண்டது குடும்பம்: அப்பா, அம்மா, பிள்ளைகள். 1999இல் அதை ஆய்வுக்கட்டுரையாகவே எழுதினார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை வைத்து மூன்று மாதக் குட்டியைத் தரையில் அழுத்துகிறார்கள்.

அழுத்தினால் உறுமும். உறுமினால் அடிப்பார்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால் அந்த நாய் பின்னாளில் எச்சரிக்காமல் கடிக்கும். உறுமும் நாயைவிட அதுதான் ஆபத்து.

17 அக்டோபர்

வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. எடை நன்றாக ஏறியிருக்கிறது.

காவலுக்கு வேண்டுமென்றால் இருட்டறையில் கட்டிப்போட வேண்டும் என்று ஊசி போடும் இடத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கிலியில் வளரும் நாய் எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும். எது ஆபத்து என்று பிரித்தறிய அதற்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. அதைக் காவல் என்று சொல்ல முடியாது.

31 அக்டோபர், தீபாவளி

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வெடிச்சத்தத்திலிருந்து ஒளிய முடியாது. மாதத் தொடக்கத்திலிருந்தே கைபேசியில் வெடிச்சத்தப் பதிவை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் ஓடவிட்டோம். அவள் காதைத் திருப்பாதபோதுதான் ஒலியைக் கொஞ்சம் கூட்டினோம். வெடிக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டால் பயம் தெளியும் என்பவர்கள் தெளிந்த நாய் ஒன்றைக் காட்டட்டும்.

விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜன்னல் இல்லாத உள்ளறையில் மின்விசிறி, வானொலி, பழைய போர்வைகள். பெரிய வெடி வெடிக்கும்போதெல்லாம் என் மடிக்குள் முகத்தைச் செருகினாள். "தடவிக் கொடுக்காதே, பயம் கூடிவிடும்" என்றார் எதிர்வீட்டு அக்கா. பயப்படும் பிள்ளையை அணைத்தால் பயம் வளராது, குட்டிக்கும் அப்படித்தான். ஒரு கையால் முதுகைத் தடவிக்கொண்டே, வெடித்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கோழிக்கறி கொடுத்தேன். ஒன்பது மணிவாக்கில் கறியை வாங்கிக்கொண்டு அடுத்ததுக்காக என் கையைப் பார்க்கத் தொடங்கினாள். இரவு வெடித்த சரவெடி ஒன்றுக்கு மட்டும் நடுங்கினாள். அடுத்த ஆண்டு நடுங்க மாட்டாள் என்று சொல்லமாட்டேன். இன்று வாங்கித் தின்ன முடிந்ததே நல்ல அறிகுறி.

10 நவம்பர்

முன்பல் ஒன்று விழுந்து துணியில் கிடந்தது. இனி 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும்வரை எதைக் கண்டாலும் கடிப்பாள். திரும்பவும் செருப்பு அலமாரிக்குக் காவல் வேண்டும்.

கழுத்துப்பட்டை பழகிவிட்டது, நாளை முதல் கயிற்றில் நடை. "ஆறு மாதம் ஆகட்டும், அப்போது பயிற்சியாளரிடம் விடலாம்" என்று கணவரின் நண்பர் ஒருவர் சொன்னார். அவள் இதுவரை கற்றதை என்னவென்று அவர் நினைக்கிறாரோ தெரியவில்லை. பயிற்சியாளர் வேண்டுமென்றால் அவர் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லித் தரட்டும். விட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வரும் நாய் அவர் பேச்சைத்தான் கேட்கும்.

எட்டாவது மாதத்தை நினைத்துத்தான் வீட்டில் எல்லோரையும் இப்போதே தயார்செய்கிறேன். வழிகாட்டி நாய்களாகப் போகும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகைகளை ஆராய்ந்து 2020இல் பிரிட்டனில் வெளியிட்ட முடிவு: ஐந்தாவது மாதத்தில் வளர்ப்பவர் பேச்சைக் கேட்ட நாய்கள், எட்டாவது மாதத்தில் அவர் பேச்சை மட்டும் குறைவாகக் கேட்டன, வளர்ந்த பிறகு மீண்டும் கேட்டன. நாய்களைக் கைவிடுகிறவர்களில் பலர் இந்தப் பருவத்தில்தான், சொல்லிக்கொடுத்தது வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மயிலைக்கு அது மார்ச்சில் வரும். காலண்டரில் அந்த மாதத்தில் மாமாவே வட்டம் போட்டு, 'பொறுமை' என்று எழுதியிருக்கிறார்.