முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்துப் போட்ட இரவு

மகனுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. பக்கத்து கிளினிக்கில் சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் தொட்டிலில் கிடந்தால் முனகுகிறவன், தூக்கினால் வீறிட்டு அழுதான். தூக்கினால்தானே குழந்தை அடங்கும்? அதுதான் எனக்கு உறுத்தியது. ராத்திரி தலையைத் தடவும்போது உச்சிக்குழி மேடாக, விரைப்பாகத் தட்டுப்பட்டது. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "முதுகுல ஊசி குத்துனா கால் வெளங்காமப் போயிடும், வேண்டாம்மா" என்று அத்தை அழுதார். எனக்கும் அதே பயம்தான். டாக்டர் அவன் முதுகிலேயே விரல் வைத்துக் காட்டினார்: தண்டுவடம் இதோ இங்கே முடிந்துவிடும், ஊசி அதற்குக் கீழேதான் போகும். கையெழுத்துப் போட்டேன்.

நர்ஸ் அவனை இறால் மாதிரி வளைத்துப் பிடித்துக்கொண்டார். குப்பியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டியது, அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே செஃப்ட்ரியாக்ஸோன், வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். அந்த நீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்ற பாக்டீரியா. கிருமி இன்னதென்று தெரிந்ததால் மருந்தையும் நாளையும் உறுதியாகச் சொன்னார்கள். 14 நாள் ஊசி.

ஐந்தாம் நாள் பால் குடித்தான். அன்றைக்குத்தான் நான் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போகும் முன், காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். இந்தக் கிருமி காதைத்தான் அதிகம் பிடிக்குமாம். தள்ளிப்போட்டால் உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து, பிறகு கேட்க வைக்க உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துவதே கஷ்டமாகிவிடும். குழந்தைதான் நன்றாகச் சிரிக்கிறதே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வலது காதில் கேட்பது குறைந்திருந்தது. இடது காது நன்றாக இருக்கிறது.

இந்தக் கிருமிக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியை 2021லிருந்து நாடு முழுவதும் அரசே இலவசமாகப் போடுகிறது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். 14 வாரத்து ஊசியைச் சளி என்று நாங்கள் தள்ளிப்போட்டோம், அப்புறம் மறந்தே போனோம். போட்டிருந்தால் வந்திருக்காதோ என்று இன்னும் மனசு கேட்கிறது. நோய் வந்து போனாலும் மிச்ச ஊசி வேண்டும், இந்தக் கிருமியில் பல வகை உண்டு என்றார் டாக்டர். போன புதன்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவந்தோம்.