முந்தியது 61, முந்தப்பட்டது 94

வேலைக்கு சைக்கிளில் போய் வர ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வழிக்கு 9.4 கிலோமீட்டர். பந்தயத்தில் எல்லாம் கலந்துகொண்டதே இல்லை. ஆனால் முன்னால் யாராவது ஒருவரின் முதுகு தெரிந்தால் போதும், கால் தானாக அழுத்த ஆரம்பித்துவிடும். இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது? அதனால் ஒரு நோட்டில் எழுதினேன். இடது பக்கம் முந்தியது, வலது பக்கம் முந்தப்பட்டது. 14 வாரக் கணக்கு இது.

விதிகளும் நானே போட்டுக்கொண்டேன். நிற்பவர், மூட்டை கட்டி ஓட்டுபவர், போன் பேசிக்கொண்டே போகிறவர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரை முந்தினால் கணக்கில் சேராது. அவர்கள் என்னை முந்தினால் சேரும். முந்திய பிறகு 200 மீட்டராவது முன்னாலேயே இருக்க வேண்டும். பெல் அடிக்காமல் முந்தினால் செல்லாது. ஓரமாக இடுக்கில் நுழைந்து முந்தினாலும் செல்லாது. கடக்கும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கக் கூடாது. இது விதி இல்லை, மானப் பிரச்சினை.

வாரம் 1

முந்தியது 2, முந்தப்பட்டது 11. அந்தப் பதினொன்றில் ஆறு ஒரே ஆள். கறுப்பு நிறப் பழைய சைக்கிள், கியர் கிடையாது, பின்னால் கேரியரில் பச்சைப் பை. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, பார்க்கில் உலாவுகிற மாதிரி போகிறார். அவர் பெல் இரண்டு தட்டு: ‘கிர்ரிங்... கிங்’. இரண்டாவது பாதியிலேயே நின்றுவிடும். எனக்கோ 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள்.

வாரம் 2, 3

தோற்றவன் முதலில் சைக்கிளைத்தான் குறை சொல்வான். நானும் சொன்னேன், பாதி உண்மையாகவே இருந்தது. டயர் பக்கவாட்டில் 50 முதல் 75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை என்று அச்சிட்டிருக்கிறது. அளந்தால் 30. கையால் அமுக்கிப் பார்த்து ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று நம்பிக்கொண்டிருந்த காற்று அது. 60 ஏற்றினேன். சீட்டையும் இரண்டு விரல் உயர்த்தினேன்; பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும், எனக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி மடங்கியிருந்தது. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். மற்றவர்களிடம் பலன் தெரிந்தது. பச்சைப் பைக்காரரிடம் தெரியவில்லை.

வாரம் 5

இப்போது வேறு ஒரு வியாதி: முந்துகிறேன், உடனே செத்துப்போகிறேன். எழுந்து நின்று மிதித்து அவரைக் கடப்பேன், 150 மீட்டரில் தொடை எரியும், வேகம் குறையும், 200ஐத் தாண்டியதும் பின்னால் ‘கிர்ரிங்... கிங்’. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கோடு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதைத் தள்ள வேண்டிய சக்தி வேகத்தின் கனமாக (மூன்று தடவை பெருக்கிய அளவில்) ஏறும். 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25க்குப் போனால், காற்றுக்காக மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். என் வழியில் சிக்னலே இல்லாத ஒரு நீட்டு உண்டு, 2.3 கிலோமீட்டர். அங்கே அந்த இரண்டு மடங்கு உழைப்புக்குக் கிடைப்பது சுமார் 80 நொடி. அதன் முடிவில் இருக்கிற சிக்னல் அதைப் பெரும்பாலான நாட்களில் அப்படியே பிடுங்கிக்கொள்ளும். நான் மூச்சிரைக்க நின்றுகொண்டிருப்பேன். அவர் மெதுவாக வந்து பக்கத்தில் கால் ஊன்றுவார். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

எதிர்க்காற்று நாட்களில் நிமிர்ந்து உட்காருகிற அவருக்குத்தான் கஷ்டம் அதிகம் இருக்க வேண்டும். அந்த நாட்களில் மட்டும் நான் கொஞ்சம் ஜெயித்தேன். குனிந்துகொண்டு, யோக்கியதை இல்லாத சந்தோஷத்தோடு.

வாரம் 6

அவமானமான வாரம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலத்து ஏற்றத்தில் அவர் எனக்கு நாலு மீட்டர் பின்னால். பதற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரை இறக்கினேன். ‘டக்’. செயின் சிறிய பல்சக்கரத்தையும் தாண்டி உள்ளே விழுந்தது, பெடல் வெற்றாகச் சுற்றியது. இறங்கி ஓரமாக நின்றேன். அவர் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, “செயினா தம்பி?” என்றார். “ஆமாண்ணே.” “பின்பக்கமா மிதிக்காம, கையால சுத்தி ஏத்துங்க.” போய்விட்டார். ஆறு வாரத்தில் முதல் பேச்சு. கை முழுக்க கிரீஸ்.

கியர் மாற்றும் அந்த ஒரு நொடி பெடலில் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். அது எனக்குத் தெரியும். பின்னால் ஆள் இருக்கும்போதுதான் மறந்துபோகிறது.

வாரம் 8

இந்த நோட்டிலேயே உருப்படியான பக்கம் இதுதான். முந்தாமல் ஒரு வாரம் அவர் பின்னாலேயே தள்ளிப் போய், அவருடைய காலை எண்ணினேன். வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடிக்கு எண்ண வேண்டும். 20 வந்தது. மறுபடி எண்ணினேன், 20. ஏற்றத்தில் 17. சமதளத்தில் மறுபடி 20. அதாவது நிமிஷத்துக்கு 80 சுற்று, கடிகாரம் மாதிரி. என்னுடையதை எண்ணினால் 60, சில நேரம் 55.

சிக்னலில் கேட்டேன், “அண்ணே, உங்க வண்டி எத்தனை பல்லு?” கேள்வியைக் கேட்டு அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. “முன்னாடி 44, பின்னாடி 18. ரெண்டு தடவை ஃப்ரீவீல் மாத்தியாச்சு.” அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் அவர் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். என் வண்டியில் நடுப் பல்சக்கரம் 38, பின்னால் 16 போட்டால் ஒரு மிதிக்கு சுமார் 5.2 மீட்டர். கிட்டத்தட்ட அதே கியர்! நானோ பெரிய வண்டி ஓட்டுகிற நினைப்பில் 48க்கு 14 போட்டு, மிதிக்கு ஏழரை மீட்டர் என்று நெம்பிக்கொண்டிருந்தேன். 60 சுற்றில் நெம்பினாலும் 27 கிலோமீட்டர் வேகம்தான், நடுக் கியரில் 85 சுற்று சுற்றினாலும் ஏறக்குறைய அதேதான். முன்னதில் தொடை தீர்ந்துபோகிறது. பின்னதில் மூச்சு கொஞ்சம் வாங்கும், ஆனால் மூச்சு திரும்ப வரும்.

21 கியரில் எனக்குத் தேவைப்பட்டது அவரிடம் இருக்கிற ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. வேகமாகச் சுற்றப் பழக இன்னும் இரண்டு வாரம். முதலில் இடுப்பு சீட்டில் குதிக்கும். கால் பழகினால் அது நின்றுவிடுகிறது.

வாரம் 9, 10

ஒரு சந்தேகம் வந்தது. ஆள் இல்லாத நாட்களில் நான் மெதுவாகப் போகிறேனோ? அந்த 2.3 கிலோமீட்டரை மட்டும் நேரம் பார்த்தேன். தனியாக ஐந்து நாள்: சராசரி 6 நிமிஷம் 5 நொடி. யாராவது பக்கத்திலோ பின்னாலோ இருந்த ஐந்து நாள்: 5 நிமிஷம் 22 நொடி. எனக்கு முன்னால் ஆள் இருந்த நாட்களைச் சேர்க்கவில்லை, அவர் காற்றை மறைத்திருப்பார் அல்லவா. தனியாகப் போனபோதும் என் மனதுக்கு முழு பலத்தோடு போன மாதிரிதான் இருந்தது. அதுதான் வேடிக்கை.

இதை 1898லேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர் சைக்கிள் பந்தய நேரங்களை எடுத்துப் பார்த்து, தனியாக ஓட்டுகிறவரைவிட கூட ஆள் இருந்தால் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று கவனித்தார். காற்று மறைப்பு குழப்பும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் சைக்கிளை விட்டுவிட்டு, 40 குழந்தைகளிடம் மீன்பிடி நூல் சுற்றும் ராட்டையைக் கொடுத்து, தனியாகவும் ஜோடியாகவும் சுற்ற வைத்தார். 20 பேர் போட்டியில் வேகமானார்கள். 10 பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. மீதி 10 பேர் பதறிப்போய் இன்னும் மெதுவானார்கள். ஆறாவது வாரத்தில் பாலத்தில் செயினைக் கழற்றிக்கொண்டு நின்றவன் எந்தப் பத்தில் இருந்தான் என்று சொல்லத் தேவையில்லை.

வாரம் 11

அவர் பின்சக்கரத்துக்கு ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு மீட்டருக்குள் போனால் காற்று சட்டென்று அடங்குகிறது, காதில் இரைச்சல் குறைவதிலேயே தெரியும். மிதி லேசாகிவிடுகிறது. சுகம்தான். ஆனால் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 7 மீட்டர். பள்ளத்தைப் பார்த்து அவர் லேசாகப் பிரேக் தொட்டார். என் முன்சக்கரம் அவர் மட்கார்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கை தூரத்தில் போய் நின்றது. இரண்டு சக்கரமும் உரசியிருந்தால் விழுவது பின்னால் வருகிறவன்தான், அவனுக்குத்தான் ஹேண்டில் பிடியில் இருக்காது. அவர் திரும்பிப் பார்த்து ஒன்றும் திட்டவில்லை. “சொல்லிட்டு வாங்க தம்பி, பள்ளம் இருந்தா கை காட்டுறேன்” என்றார். அதற்கப்புறம் சொல்லிவிட்டுத்தான் பின்னால் போகிறேன். பாதி தூரத்தில் நான் முன்னால் வந்து காற்றைத் தாங்கிக்கொள்கிறேன். இது முந்தியதா, முந்தப்பட்டதா? நோட்டில் இடம் இல்லாமல் நடுக்கோட்டின் மேல் எழுதினேன்.

வாரம் 12, 13

அவரைக் காணவில்லை. பேட்டரி சைக்கிள்கள் மூன்றும், இறுக்கமான உடை போட்ட இளைஞர் கூட்டம் ஒன்றும் முந்தின. பேட்டரி வண்டியை வலது பக்கத்தில் எழுதுவதா என்று யோசித்து, எழுதினேன். விதியில் மோட்டார் பற்றி ஒன்றும் போடவில்லை, என் தப்பு. நான் முந்தியது 14. இதுவரை இல்லாத எண்ணிக்கை. அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்கவே தோன்றவில்லை.

வாரம் 14

வியாழக்கிழமை, நீட்டுப் பகுதி, பக்கக்காற்று. நடுக் கியர், சுற்று 84. யாரும் முன்னால் இல்லை. பின்னால் ‘கிர்ரிங்... கிங்’. திரும்பிப் பார்க்காமலே ஓரம் ஒதுங்கினேன். அதே சைக்கிள், அதே பச்சைப் பை, புது டயர். கடக்கும்போது முதல் தடவையாக அவர் வாய் திறந்திருந்தது, நல்ல மூச்சிரைப்பு. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

முந்தப்பட்டது 94.