பம்பு பட்டறை ஸ்கேனரில் ஒரு கடைவாய்ப் பல்

பல்லுக்கு மேலே மாட்டும் உறை (கிரவுன்) செய்யும் எங்கள் பல் லேபில் பல வருஷமாக எல்லாமே கைவேலைதான். டாக்டர் அனுப்பும் வாய் அச்சில் கல் ஊற்றி மாடல் எடுத்து, உறை வேண்டிய பல்லின் நகலை (டை) தனியே வெட்டி, மெழுகில் பல் செதுக்கி, காஸ்டிங் போட்டு, மேலே செராமிக் ஏற்றித் தருவோம். ஜிர்கோனியா என்ற வெள்ளைச் செராமிக்கில் உறை கேட்கும் டாக்டர்கள் அதிகமானதும் மாடலை அப்படியே, இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் மில்லிங் சென்டருக்கு அனுப்ப ஆரம்பித்தோம். ஸ்கேன், டிசைன், மில்லிங் மூன்றும் அங்கேயே நடக்கும். கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மார்ஜின், அதாவது உறை பல்லோடு சேரும் விளிம்பு, எங்கே முடிகிறது என்று கோடு போடுபவர் அந்த டாக்டரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டிசைனையாவது நம் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எக்ஸோகேட் என்ற பல் டிசைன் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டேன். ஆனால் டிசைன் செய்ய முதலில் ஸ்கேன் வேண்டுமே. பல் லேபுக்கென்றே வரும் மேசை ஸ்கேனர் வாங்கப் பல லட்சம் ஆகும்.

கோவையில் கணபதி பக்கம் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பம்பு உதிரிகளுக்கும் வார்ப்புப் பேட்டர்ன்களுக்கும் ரிவர்ஸ் இன்ஜினியரிங் (இருக்கும் பொருளை அளந்து டிசைன் எடுப்பது) செய்து தருகிறார். நீல ஒளிக் கோடுகளைப் பொருள்மேல் வீசி இரண்டு கேமராவால் படம் பிடிக்கும் தொழிற்சாலை ஸ்கேனர் அவரிடம் உண்டு. விஷயத்தைச் சொன்னதும், “பல்லும் ஒரு பார்ட்தானுங்கண்ணா, கொண்டாங்க பாத்துக்கலாம்” என்றார். கீழ் வலது முதல் கடைவாய்ப் பல், எங்கள் கணக்கில் 46, அந்த மாடலைத்தான் முதலில் கொண்டுபோனேன்.

அங்கே முதலில் புரிந்த விஷயம், இந்த வழியை யோசிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்கேனரின் சான்றிதழில் எழுதியிருக்கும் துல்லியம் வேறு, புள்ளிகளுக்கு இடையிலான தூரம் வேறு. அவருடைய கேமரா 5 மெகாபிக்சல், அதாவது குறுக்கே 2448 பிக்சல். பம்பு உறைக்கு ஏற்றபடி 300 மில்லிமீட்டர் அகலம் தெரியும் லென்ஸ் மாட்டியிருந்தார். 300ஐ 2448ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே சுமார் 0.12 மில்லிமீட்டர், அதாவது 120 மைக்ரான். கிரவுன் மார்ஜினில் இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்று 1971இல் பல் ஆய்வாளர்கள் மெக்லீனும் ஃபான் ஃப்ரான்ஹோஃபரும் சொன்னதைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலேயே போய்விடும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு சரியாக இருந்தாலும், மார்ஜினின் கூரான விளிம்பு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் அது பதிவாகாது. திரையில் டை சோப்புக்கட்டி மாதிரி மழுங்கித் தெரிந்தது.

தீர்வும் அவரிடமே இருந்தது. 100 மில்லிமீட்டர் பரப்புக்கான லென்ஸை மாற்றி, அதற்குரிய தகட்டை வைத்து மறுபடி காலிப்ரேஷன் (அளவைச் சரிப்படுத்துவது) செய்தார். இப்போது புள்ளி இடைவெளி 0.04 மில்லிமீட்டர். உறை உட்காரப் பல்லில் செதுக்கிய படியின் (ஷோல்டர்) விளிம்பு கோடாக எழுந்து நின்றது. லென்ஸ் மாற்றுவதும் காலிப்ரேஷனும் பட்டறைக்காரருக்கு நேரம் பிடிக்கும் வேலை. அதனால் ஒற்றைப் பல்லுக்காகப் போகாமல், கேஸ்களைச் சேர்த்துக்கொண்டு போவதே நியாயம்.

அப்புறம் மாடல் தயாரிப்பு. வழக்கமாக டையில் ஸ்பேசர் பெயின்ட் அடித்து, மார்ஜினில் சிவப்புப் பென்சில் ஓட்டுவோம். இங்கே இரண்டும் வேண்டாம். சிமென்டுக்கான இடத்தை சாஃப்ட்வேரே விடும். பெயின்ட்டின் பளபளப்பு ஒளியைச் சிதறடித்து ஸ்கேனில் ஓட்டை போடும். பல் ஸ்கேனர்கள் பலவற்றில் பென்சில் கோடு நிறத்தோடு திரையில் தெரியும். இந்த ஸ்கேனர் தருவது வெறும் வடிவம்தான், நிறம் கிடையாது. ஆகவே மார்ஜினுக்குக் கீழே குடைந்து எடுக்கும் டிரிம்மிங் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டுக்கொண்டு, சுழலும் வெட்டுமுனையான கார்பைடு பரை மார்ஜினுக்குச் சற்றுத் தள்ளி ஓட்டி, கடைசித் துணுக்கைக் கத்தியால் எடுப்பேன். கல் தூள் ஒரு துளி அந்தப் பள்ளத்தில் ஒட்டியிருந்தாலும் திரையில் அது மார்ஜினின் ஒரு பகுதி மாதிரியே தெரியும். கைவேலை தெரிந்தவருக்கு இங்கே பெரிய சாதகம் உண்டு. மௌஸ் பிடிக்கக் கற்பது சுலபம், விளிம்பு எது என்று கண்ணுக்குப் பழகுவதற்குத்தான் வருஷங்கள் வேண்டும்.

பட்டறையில் பளபளக்கும் உலோகத்துக்கு வெள்ளை ஸ்பிரே அடிப்பது வழக்கம். டையில் அதை அடிக்க நான் சம்மதிக்கவில்லை. டைட்டானியம் டையாக்சைடு ஸ்பிரே கை அசைவைப் பொறுத்துப் பல மைக்ரான் தடிப்பாகப் படியும், அதுவும் மூலைகளில் அதிகம். மங்கலான வெளிர்நிற டை ஸ்டோனில் மாடல் ஊற்றினால் ஸ்பிரேயே தேவைப்படாது. ஒளி திருப்பும் பரப்பு ஏதாவது இருந்தால், தானே ஆவியாகிவிடும் ஸ்பிரேயை மட்டும் லேசாக அடிக்கிறோம்.

ஸ்கேன்களை ஒன்றோடொன்று சேர்க்க உதவும் வட்டப் புள்ளி ஸ்டிக்கர்களை டையில் ஒட்ட இடமேது? அவர் சுழல்மேசைத் தட்டில் ஒட்டி, டையை நடுவில் களிமண்ணில் நிறுத்தினார். பிறகு முழுக் கீழ்ப் பல் வரிசை (வளைவு), எதிர் வளைவு, கடைசியில் இரண்டு மாடலையும் கடித்த நிலையில் இறுக்கிக் கன்னப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கேன். இந்தக் கடைசி ஸ்கேனின்மேல் மற்றவற்றைப் பொருத்தினால் மேலும் கீழும் சரியான உறவில் உட்காரும். பல் ஸ்கேனரில் இந்த வரிசையை சாஃப்ட்வேரே கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கே நாம்தான் ஞாபகமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு விஷயத்தைப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்று, ஓட்டைகளைத் தானாக அடைப்பதும் பரப்பை வழவழப்பாக்குவதும் கூடாது. அவர்கள் தொழிலில் அது பார்ட்டைச் சுத்தம் செய்வது. நமக்கோ மார்ஜின் மழுங்கிப்போவது. ஓட்டை இருந்தால் அந்தக் கோணத்தில் இன்னொரு ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஸ்கேன் வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அளவின் அலகு எழுதப்படுவதில்லை, வெறும் முக்கோணங்களும் எண்களும்தான். அங்குலத்தில் சேமித்துக் கொடுத்தால் நம் பக்கம் பல் 25.4 மடங்கு சிறிதாக வந்து நிற்கும். மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். திறந்ததும் கடைவாய்ப் பல்லின் அகலத்தை அளந்து பாருங்கள், 10, 11 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும்.

டிசைன் பகுதி எனக்குச் சந்தோஷமான பகுதி. மார்ஜின் கோட்டைப் புள்ளி புள்ளியாக நானே இழுத்தேன். உள்ளே இறக்கும் திசையைத் திருப்பித் திருப்பி, அண்டர்கட் (உறை இறங்காமல் தடுக்கும் உட்குழிவு) காட்டும் நிறம் மறையும் கோணத்தில் நிறுத்தினேன். கோடு தெளிவாக இல்லாத ஓர் இடத்தில் டாக்டரையே போனில் கூப்பிட்டு, “இந்த மீசியல் ஓரத்துல ஷோல்டர் எவ்வளவு இறங்கியிருக்குங்க சார்?” என்று கேட்டேன் (மீசியல் என்றால் பல்லின் முன் ஓரம், வாயின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம்). இதற்காகத்தான் டிசைனை இங்கே கொண்டுவர நினைத்தேன்.

சிமென்ட் இடைவெளியை 50 மைக்ரானில் வைத்து, மார்ஜினை ஒட்டிய பகுதியில் குறைத்தேன். கவனம் வேண்டிய இன்னொன்று பர் விட்டம். மில்லிங் பரின் முனையைவிட மெல்லிய விளிம்பு டையில் இருந்தால், பர் நுழைவதற்காக சாஃப்ட்வேர் கிரவுனின் உள்பக்கத்தை அதிகமாகக் குடையும். கீழ் முன்பற்களில் இது கூடுதலாக வரும், சுவர் மெலிந்துவிடும். செதுக்கும் பல்லின் மேல்விளிம்பை உருட்டித் தரும்படி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சின்டரிங்கில், அதாவது உயர் சூட்டில் சுட்டு இறுக்கும்போது, ஜிர்கோனியா 20 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். கடைந்தெடுக்கும் ஜிர்கோனியா டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் சுருக்க எண்ணை வைத்து மில்லிங் சென்டர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சின்டரிங் முடிந்து வந்த கிரவுன் டையில் இறங்கியது. லூப்பில் பார்த்தேன், எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்க்கருவியின் முனை மார்ஜினில் எங்கேயும் தட்டவில்லை. பக்கத்துப் பல் தொடுப்பில் மட்டும் சற்று இறுக்கம், ரப்பர் வீல் ஓட்டியதும் சரியானது.

ஒற்றைக் கிரவுன்கள் நிறைய வரும் லேபுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். நேரமும் அலைச்சலும் கட்டாது, கடன் வாங்கியாவது பல் ஸ்கேனர் போடுவதே சரி. ஆனால் முழு வளைவுக்கும் தாடை எலும்பில் இம்ப்ளான்ட் (செயற்கை வேர்) பதித்த கேஸ்களுக்கு நான் இன்னும் கணபதிக்குத்தான் போகிறேன். அதன்மேல் திருகில் பூட்டும், பல பற்கள் சேர்ந்த நீண்ட பிரிட்ஜில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பிழை சேர்ந்துகொண்டே போகும். பல ஆய்வுகளில் பல் ஸ்கேனர்களைச் சோதிக்க ஒப்பீட்டு அளவாக வைப்பதே இந்த மாதிரித் தொழிற்சாலை ஸ்கேனர்களைத்தான். மில்லாகி வந்த பிரிட்ஜையும் அங்கேயே ஸ்கேன் செய்து, இலவசமாகக் கிடைக்கும் கிளவுட்கம்பேர் என்ற சாஃப்ட்வேரில் டிசைனோடு வைத்துப் பார்க்கிறோம். எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று நிற வரைபடம் காட்டிவிடும். அடுத்து, இம்ப்ளான்ட்களை இணைக்கும் கம்பியை (பார்) மெழுகில் செய்த ஒரு பழைய கேஸை இப்படி அளந்து பார்ப்பதாக இருக்கிறோம்.