பாட்டிலில் 250, சீட்டில் 120

டிசம்பர் 11, வியாழன்

சாயங்காலத்தில் இருந்தே சின்னவனுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. மூக்கும் ஒழுகியது. தெர்மாமீட்டர் வைத்தால் 101.6. போன தடவை டாக்டர் எழுதித் தந்த சீட்டைத் தேடி எடுத்தேன்: பாராசிட்டமால் சிரப், ஏழரை மில்லி. பழைய பாட்டில் தீர்ந்திருந்ததால் வீட்டுக்காரர் கோபி பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் புதிதாக வாங்கி வந்தார்.

சிரிஞ்சில் ஏழரை இழுத்துவிட்டு மூடியைத் திருகும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். 5 மில்லிக்கு 250 மி.கி. சீட்டில் இருந்ததோ 120. காலிப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மருந்து ஒன்றுதான், அடர்த்திதான் வேறு. அப்படியே ஊற்றியிருந்தால் 180 மி.கி. போக வேண்டிய இடத்தில் 375 போயிருக்கும். கை நடுங்கிவிட்டது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத்தான் பிடிக்கும்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "இப்ப எடை எவ்வளவுங்க?" என்றுதான் முதலில் கேட்டார். 14 கிலோ. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. கணக்கு, அதனால் இந்தப் பாட்டிலில் மூன்றரை மில்லி போதும் என்றார். அடுத்த வேளைக்குக் குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் கெட்டியாம். ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்குமாம். அதை சிரப் அளவுக்கு ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு என்றார்.

டிசம்பர் 12, வெள்ளி

வேலை முடிந்து அஞ்சரைக்கு வந்தேன். நெற்றி சுட்டது. பாட்டிலைக் கையில் எடுத்ததும் அத்தை, "நாலரைக்கே ஊத்தீட்டனே அம்மிணி" என்றார். நல்லவேளை, சொன்னார். உடனே பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். யார் கொடுத்தாலும் மணியும் அளவும் எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா பாசமாக ஒரு சளி சிரப் கொண்டுவந்தார். பின்னால் படித்தால் அதிலும் பாராசிட்டமால், கூடவே மூக்கடைப்புக்கான பினைலெஃப்ரினும் மூக்கொழுகலுக்கான குளோர்பெனிரமினும். இரண்டையும் கொடுத்தால் காய்ச்சல் மருந்து இரட்டிப்பாகிவிடும். இவனுக்கு மூன்றரை வயதுதான். சளி, இருமல் மருந்து இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது, ஐந்துக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் சொன்னது. மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் இறந்த நேரம் அது. அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது, தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தச் செய்தி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன், அவரும் புரிந்துகொண்டார்.

மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு விட்டோம். அத்தை கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துத் தந்தார். ஒரு வயது தாண்டியவன் என்பதால் சரி என்றேன். அக்கா வீட்டு எட்டு மாதக் குழந்தைக்குத் தேனே ஆகாது, அதையும் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 13, சனி

காலையில் 99.8. அத்தை மருந்து கொடுக்கச் சொன்னார். பையனோ திண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான், கஞ்சியும் குடித்தான், ஒன்றுக்கும் ஒழுங்காகப் போனான். கொடுக்கவில்லை. அவன் அனத்துகிறானா, சுருண்டு படுக்கிறானா என்றுதான் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். மூன்று மாதம் ஆகாத குழந்தை என்றால் 100.4 தொட்டாலே வீட்டு மருந்துக்கு இடமில்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

டிசம்பர் 15, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. ராத்திரி சமையலறையில் இருந்த ஸ்பூன்களில் சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றில் மூன்று மில்லி, ஒன்றில் நாலு, பாயச ஸ்பூனில் ஒன்பது. அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்று பார்த்தார். "இத்தனை நாளா இதுலதான் ஊத்தீட்டிருந்தமா?" என்றார்.

சிரிஞ்சைப் பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். பாட்டில் மேல் மார்க்கரால் பெரிதாக 250 என்று எழுதினேன். அந்தப் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.