ஏறுவதே தெரியாத ஏற்றம்

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு லீஸ்பர்க் போனேன். வடக்கு வர்ஜீனியாவில் சைக்கிள் வைத்திருக்கிற யாருக்கும் டபிள்யூ அண்ட் ஓடி பாதையைத் தெரியாமல் இருக்காது, பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட சைக்கிள் பாதை அது. ஷெர்லிங்டனில் ஆரம்பித்து மேற்கே பர்செல்வில் வரை 45 மைல், மொத்தமும் தார்ப்பாதை. சனி ஞாயிறில் அதன் கிழக்குப் பக்கம் ரங்கநாதன் தெருதான், நாய், ஸ்ட்ரோலர், மணியடிக்காமல் பறக்கிற ஆட்கள். எனக்குப் பிடித்தது லீஸ்பர்க்குக்கு மேற்கே உள்ள கடைசி பத்து மைல் மட்டும், அதுவும் வார நாளில்.

முதல் தடவை வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். லீஸ்பர்க்கைத் தாண்டியதுமே மூச்சு வாங்கியது. பாதை பார்க்கச் சமதளமாகத்தான் இருந்தது. பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதோ என்று இறங்கி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், அது பாட்டுக்குச் சுற்றியது. வயசாகிவிட்டது போல என்று நொந்துகொண்டே மிதித்து மேலே போய்ச் சேர்ந்து, திரும்பி வரும்போதுதான் புரிந்தது, பெடலைத் தொடாமலே மைல் கணக்கில் உருண்டேன்.

ரயிலுக்காகப் போட்ட பாதை அப்படித்தான் இருக்கும். நீராவி இன்ஜினுக்குச் செங்குத்து ஆகாது, அதனால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, ஏற்றத்தை மைல் கணக்கில் பரப்பி வைத்திருக்கிறார்கள். கண்ணை ஏமாற்றலாம், தொடையை ஏமாற்ற முடியாது. கிளார்க்ஸ் கேப் என்கிற கணவாய்தான் உச்சி. அங்கே பாதை ஒரு பழைய கல் வளைவுப் பாலத்துக்கு அடியில் நுழைகிறது, வெயில் நாளிலும் அந்த இடம் சில்லென்று இருக்கும்.

இந்த ரயிலின் ஆசை என்னவோ பெரிசு. மலைகளைத் தாண்டி மேற்கே நிலக்கரி வயல்வரை போவதாகத் திட்டம். 1860ல் லீஸ்பர்க், 1900ல் புளூமான்ட், அதோடு சரி, மலையைத் தாண்டவேயில்லை. 1951ல் பயணிகள் வண்டி நின்றது, 1968ல் எல்லாமே. நிலத்தை மின்சாரக் கம்பெனி வாங்கிக்கொண்டதால் துண்டு துண்டாகப் போகாமல் தப்பியது. கிழக்குப் பக்கம் தலைக்கு மேலே ஓடுகிற உயரழுத்தக் கம்பிகளைத் திட்டிக்கொண்டே ஓட்டியவன்தான் நானும், இப்போது கொஞ்சம் வாயை அடக்கிக்கொள்கிறேன்.

கேப்பைத் தாண்டினால் சத்தமே கிடையாது. வேலிக்கு அந்தப்பக்கம் கருப்பு மாடுகள், அறுத்துவிட்ட சோளக்கொல்லை, செயின் ஓடுகிற சத்தம். அன்றைக்கு முன்சக்கரம் எதன் மேலோ ஏறிக் குதித்தது. கருப்பு வால்நட், பச்சைத் தோலோடு டென்னிஸ் பந்து மாதிரி பாதை முழுக்கக் கிடந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன், எலுமிச்சை போல ஒரு வாசனை, உள்ளே மஞ்சள். பர்செல்வில் பழைய ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது பார்க்கிறேன், விரல் நுனியெல்லாம் அடர் பழுப்பு. சோப்பு போட்டும் போகவில்லை.

திரும்புகிற வழியில் கேப்பிலிருந்து லீஸ்பர்க் வரை பெடலை மிதிக்கவில்லை. மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் பெண் என் கையைப் பார்த்துவிட்டு, வீட்டில் கல்யாணமா, மருதாணி வைத்திருக்கிறீர்களே என்று கேட்டாள்.