அட்டாக் கூடியது, மேடம் சந்தோஷப்பட்டார்

பேனிக் டிஸ்ஆர்டருக்காகத் தெரபிக்குப் போய் முடித்தவன் நான். எப்போதிலிருந்து மாற ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. எனக்குத் தெரபி கொடுத்த சைக்காலஜிஸ்டிடம் வேறொரு பதில் இருக்கிறது. கடைசி செஷனில் இரண்டையும் எடுத்து வைத்துப் பேசினோம். கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை.

முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். ராத்திரியில் கேஷுவாலிட்டிக்கு ஓடுவேன். ஈசிஜி நார்மல் என்பார்கள், கேஸ் ட்ரபுளாக இருக்கும் என்று மாத்திரை தருவார்கள். (நம் ஊரில் நெஞ்சுக்குள் என்ன நடந்தாலும் முதல் சந்தேகம் கேஸ் மேல்தான்.) அம்மா கண்திருஷ்டி என்றார். கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கிளம்பும் கடும் பயம் என்றார். எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே சிபிடி என்கிற பேச்சு சிகிச்சைக்காக ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார்.

சின்ன வயசுக் கதை, அப்பாவோடு சண்டை இதையெல்லாம் கேட்பார் என்று தயாராகப் போனேன். மேடம் கேட்டது வேறு: "அட்டாக் வந்துடக் கூடாதுன்னு என்னல்லாம் பண்றீங்க?" சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. சட்டைப்பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், மின்சார ரயிலில் வாசலோரம், தியேட்டரில் ஓரத்து சீட்டு. வெளியூர் போகும்முன் தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று மேப்பில் தேடுவது. மெட்ரோ வேண்டவே வேண்டாம். கோயம்பேடு வரை மேலே ஓடுகிற வண்டி, சென்ட்ரல் பக்கம் போனால் திருமங்கலத்துக்குள் பூமிக்கடியில் இறங்கிவிடும். நடுவில் நின்றால் எப்படி வெளியே வருவது?

சிகிச்சையின் அடிப்படையை ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் முன்வைத்த விளக்கம் அது. உடம்பில் சாதாரணமாக ஒரு படபடப்பு வருகிறது, அதை ஹார்ட் அட்டாக் என்று மனம் எடுத்துக்கொள்கிறது, பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது. வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் விரல் மரத்துத் தலை சுற்றுகிறது. கேட்கும்போது எல்லாம் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு அட்டாக் வந்தது.

அட்டாக் வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லியிருந்தார். நான் அதை மார்க் ஷீட் மாதிரி பார்த்தேன். எண்ணிக்கை குறைந்தால் பாஸ், கூடினால் ஃபெயில். பயப்படுகிற இடங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்த பிறகு எண்ணிக்கை கூடியது. நோட்டைப் பார்த்த மேடம் முகத்தில் சந்தோஷம். அட்டாக் எந்த இடத்தில் வந்தது என்பதைத்தான் அவர் பார்த்தாராம். முன்பெல்லாம் வீட்டுக் கட்டிலில் வந்தது, இப்போது மெட்ரோவில் வருகிறதென்றால் நான் மெட்ரோவில் ஏறியிருக்கிறேன் என்று அர்த்தம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த செஷனில் கொட்டிவிட்டேன். "காசு குடுத்து வியாதிய வாங்கிட்டுப் போற மாதிரி இருக்கு மேடம்." அவர் மறுத்துப் பேசவில்லை, பாடமும் எடுக்கவில்லை. எந்த இடத்தில் தாங்க முடியாமல் போனது என்று கேட்டார், வேகத்தைக் குறைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அதை மறந்தே போனேன்.

அவருடைய கணக்கில் திருப்பம் அந்த நாள்தான். அதுவரை அவர் எது சொன்னாலும் "சரிங்க மேடம்" என்று தலையாட்டியிருக்கிறேன். டாக்டர் முன்னால் நாமெல்லாம் அப்படித்தானே. சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் வராமல் போய்விடுகிறவர்களைப் பார்த்திருப்பதால் அவருக்கு உள்ளூரப் பயம் இருந்ததாம். நான் கோபப்பட்ட அன்று, இந்த ஆளை இழந்துவிட்டோமோ என்று தன்னுடைய சூப்பர்வைசரிடம், அதாவது தனக்கு வழிகாட்டுகிற மூத்தவரிடம் பேசியிருக்கிறார். அடுத்த வாரமும் நான் வந்து உட்கார்ந்தபோதுதான் சிகிச்சை தொடங்கியதாகத் தனக்குத் தோன்றியது என்றார்.

என் கணக்கில் திருப்பம் சுழல் நாற்காலி. உடம்பில் அந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது ஒரு பயிற்சி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது, நாற்காலியில் சுற்றுவது. நான் தயங்கியபோது மேடம் தானே உட்கார்ந்து சுற்றிக்காட்டினார். எழுந்தவர் தள்ளாடி மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மதியம் சாப்பிட்டிருக்கக் கூடாது" என்றார். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். படித்தவருக்கும் தலை சுற்றுகிறது, சுற்றினால் ஒன்றும் ஆகவில்லை என்பது வட்டம் போட்ட தாளில் கிடைக்காத விஷயம். அவருடைய குறிப்பில் அன்றைக்கு ஒரே வரி: நாற்காலிப் பயிற்சி, ஒத்துழைத்தார்.

இது எங்கள் இருவருக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகு படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோமும் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணும் ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி, அதை 1974-ல் புத்தகமாகவே போட்டார்கள். அவர் மெனக்கெட்டுச் சொன்ன விளக்கங்கள் அந்தப் பெண் மனதில் நிற்கவே இல்லை. உடையைப் பாராட்டியது, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டது போன்றவைதான் நின்றன. நாற்காலியை நினைத்துக்கொண்டேன்.

என் மனைவியிடம் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் கிளம்பியபோது நான் ஆஸ்பத்திரி எங்கே என்று தேடவில்லையாம். அவர் சொல்லும்வரை எனக்கே தெரியாது.

இப்போதும் எப்போதாவது அட்டாக் வரும், சில நிமிடங்களில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார், நீங்களாக நிறுத்தாதீர்கள். தெரபிக்குப் போகிறவர்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்கலாம், தப்பில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். பாதி வழியில் ஒரு தடவையாவது "உங்களுக்கு என்கிட்ட என்ன மாற்றம் தெரியுது?" என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். நான் கடைசி செஷன்வரை அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நோட்டைப் பார்த்து அவ்வளவு நாள் புலம்பியிருக்க மாட்டேன்.