சுழலும் வீட்டின் கழிவுக் குழாய்

கட்டட வரைபடம் போட்டே வயிறு வளர்த்தவன் நான். எந்த வீட்டைப் பார்த்தாலும் கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறது என்றுதான் கண் முதலில் தேடும். வெயிலோடு சேர்ந்து திரும்பும் வீடுகளைப் பற்றிப் படித்தபோதும் அதே புத்திதான்.

இத்தாலியில் வெரோனா அருகே ஆஞ்செலோ இன்வெர்னிஸி என்ற பொறியாளர் 1935இல் கட்டி முடித்த வீட்டுக்கு ஜிராசோலே, அதாவது சூரியகாந்தி, என்று பெயர். (முற்றிய சூரியகாந்தி திரும்பாது, கிழக்கு பார்த்தே நின்றுவிடும். அது வேறு கதை.) 1,500 டன் எடையுள்ள இரண்டு மாடி வீடு, வட்டத் தண்டவாளங்களின் மேல் விநாடிக்கு 4 மில்லிமீட்டர் நகரும்படி அமைக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு 9 மணி 20 நிமிடம். திரும்பும்போது சுவர்ப் பூச்சு விரிசல் விட்டதால் வெளியே அலுமினியத் தகடு போர்த்தினார்கள். இந்தத் தகவலைப் படித்த பிறகுதான் அந்த வீட்டின் மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது. விரிசலைச் சொல்லாத கட்டடக் கதையை நான் நம்புவதில்லை.

சரி, குழாய்? ஒரு நாள் உட்கார்ந்து நானே வரைந்து பார்த்தேன். மின்கம்பி சுலபம். தண்ணீருக்கு, திரும்பியபடியே கசியாமல் இருக்கும் இணைப்பு வேண்டும். கழிவுக்குச் சரிவும் வேண்டும். எனவே எல்லாக் குளியலறைகளையும் அச்சுக்கு நெருக்கமாக இழுத்தேன். இழுத்ததும் படுக்கையறை ஒவ்வொன்றும் பீட்சாத் துண்டு போலக் கூம்பிவிட்டது. கட்டில் போட நேர்மூலை இல்லை. மூன்று தாள் கிழிந்தது.

ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் 1994இல் கட்டிய ஹீலியோட்ரோப் என்ற சுழலும் வீடு எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பக்கம் மூன்றடுக்குக் கண்ணாடி, மறுபக்கம் வெப்பம் புகாத சுவர். குளிரில் கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டும். கோடையில் முதுகைக் காட்டும். கூரைமேல் உள்ள சூரியத் தகடு வீட்டோடு ஒட்டாமல் தனியாகத் திரும்பும். வீட்டுக்கு நிழல் வேண்டிய நேரத்திலும் தகடு வெயிலை இழக்க வேண்டியதில்லை.

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா இன்னும் கெட்டிக்காரர். வீட்டை அப்படியே விட்டுவிட்டு, தோட்டத்தில் எழுதும் குடிலை மட்டும் திரும்பும்படி வைத்துக்கொண்டார். வெயில் நகர்ந்தால் குடிலைத் தள்ளிவிட்டால் போதும். குடிலுக்கு 'லண்டன்' என்று பெயர். தேடி வருபவர்களிடம் அவர் லண்டன் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

நான்காவது தாளில் குடில்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். குளியலறை இல்லை.